சங்கை ஊதினால் ஒரு நினைவு போகும் என்றீர்கள்

தமிழில் சிறுவர்களுக்கு ஒலிக்கதை தயாரிப்பவர்களுக்கும், அவற்றை எழுதுவோர், வாசிப்போர், ஒலி சேர்ப்போர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மடலை எழுதவைத்தது ஒரு தொடர். அதன் பெயரையோ அதை வெளியிட்ட நிறுவனத்தின் பெயரையோ சொல்லப்போவதில்லை. கதையைச் சொன்னாலே உரியவர்களுக்கு விளங்கிவிடும். மற்றவர்களுக்கும் 'நம்மைத்தான் சொல்கிறானோ' என்று ஐயம் எழுந்தால் நல்லது. இங்கே நான் சொல்லும் குறைகளில் பலவற்றை வேறு தொடர்களிலும் கேட்டிருக்கிறேன்.

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். அரசுப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். விரலால் தடவிப் படித்தது கொஞ்சம், காதால் கேட்டுப் படித்தது மிகுதி. கல்லூரிப் பாடங்களை முன்பின் அறியாத தன்னார்வலர்கள் ஒலிநாடாவில் வாசித்துத் தந்தார்கள். பின்னணியில் குக்கர் விசிலடிக்கும், தெருவில் கீரை விற்பவரின் குரல் கேட்கும், வாசிப்பவர் நடுவில் இருமுவார். ஆனாலும் ஒரு வரி பிசகாது. இன்று கணினியும் கைபேசியும் திரைவாசிப்பான் குரலில் எனக்கு எல்லாவற்றையும் வாசிக்கின்றன. பரிவு தேடி இதைச் சொல்லவில்லை. பார்வையுள்ள பெரியவர்கள் பலர் பாத்திரம் கழுவிக்கொண்டோ பஸ்ஸில் நின்றுகொண்டோ ஒலிக்கதை கேட்கிறார்கள். எனக்குக் கேட்பதே ஒரு முழு வேலை. விளக்கை அணைத்தபின் கண்ணை மூடிக்கொண்டு கதை கேட்கும் குழந்தைக்கும் அது முழு வேலைதான். ஆகவே உங்கள் உண்மையான நேயர்களுக்காகப் பேசும் தகுதி எனக்கு ஓரளவு உண்டு என்று நம்புகிறேன்.

நான்காம் வகுப்பில் படிக்கும் என் அண்ணன் மகளும் நானும் சேர்ந்து கேட்ட கதை இது. உப்பளத் தொழிலாளி ஒருவரைக் கடல் கொண்டுபோய்விடுகிறது. அவருடைய மகளிடம் பாட்டி ஒரு வலம்புரிச் சங்கைத் தருகிறாள். அதை ஊதினால் கடல் பிளந்து வழிவிடும். ஆனால் ஊதும் ஒவ்வொரு முறையும் ஊதியவருடைய நினைவுகளில் ஒன்று அழிந்துபோகும். எந்த நினைவு போகும் என்பது ஊதிய பிறகுதான் தெரியும். தந்தையைத் தேடிக் கடலுக்கடியில் போகவேண்டும், போகப் போக மறக்கவேண்டும். கடைசியில் அவரைக் கண்டுபிடிக்கும்போது, அவர் யார் என்பதே அவளுக்கு நினைவிருக்குமா?

இப்படி ஒரு கற்பனையைத் தமிழில் கேட்டு நெடுநாள் ஆயிற்று. யார் எழுதினாரோ அவர் கையைப் பிடித்து வாழ்த்த வேண்டும் என்று தோன்றியது. முதல் பகுதியில் அவள் சங்கை ஊதுகிறாள், கடல் விலகுகிறது, பயந்துபோய்க் கரைக்கு ஓடிவருகிறாள். அவளுடைய நாய் குழைந்துகொண்டு காலைச் சுற்றுகிறது. அதை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கே வாசித்த பெண்மணி ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். பின்னணியில் இசை இல்லை, அலை மட்டும்தான். என் பக்கத்தில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் முறை ஊதியபோது அம்மா பாடும் தாலாட்டு போயிற்று.

நான்காம் பகுதியிலிருந்து எல்லாம் சரிந்தது. கடலடி அரண்மனைக்குள் போனதும் அந்தப் பெண் ஒரே பகுதியில் மூன்று முறை சங்கை ஊதுகிறாள். எதுவும் மறக்கவில்லை. ஐந்தாம் பகுதியில் சுறாவை விரட்ட, இருட்டில் வழி தேட, பூட்டைத் திறக்க என்று சைக்கிள் மணி அடிப்பதுபோல் ஊதித் தள்ளுகிறாள். ஆறாம் பகுதியில் அழுதுகொண்டிருக்கும் கடல்குதிரைக் குட்டியைத் தூங்கவைக்க ஒரு தாலாட்டுப் பாடுகிறாள். அவளுடைய அம்மாவின் தாலாட்டு. அதே மெட்டு, அதே சொற்கள்.

"அந்தப் பாட்டுத்தான் அவளுக்கு மறந்துபோயிற்றே, சித்தப்பா?"

திரும்ப நினைவுக்கு வந்திருக்கலாம் என்று நான் உங்கள் சார்பில் சமாளித்தேன்.

"வந்திருந்தால் சொல்லியிருப்பார்களே."

அதற்குமேல் உங்களுக்காக வாதாட என்னிடம் சரக்கு இல்லை. கடைசிப் பகுதியில் மகள் தந்தையைப் பார்த்த நொடியிலேயே அடையாளம் கண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். தொடக்கத்தில் நீங்களே எழுப்பிய கேள்வியை நீங்களே கடலில் போட்டுவிட்டீர்கள். சங்கு என்ன ஆயிற்று, பாட்டிக்கு அது எப்படிக் கிடைத்தது, பாட்டி எதையெல்லாம் மறந்தாள் என்பதெல்லாம் அந்தரத்தில் நிற்கின்றன. அண்ணன் மகள் கோபப்படவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள். கோபப்பட்டிருந்தால் இந்த மடலை நான் எழுதியிருக்க மாட்டேன்.

மாயக்கதைதானே, அதில் என்ன விதி வேண்டிக்கிடக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நம்முடைய பழைய மாயக்கதைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளம் கதை சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலையும், வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறும். இரண்டே விதிகள். அவற்றுக்குள் சிக்கிக்கொண்ட அரசனைக் கேட்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தோம். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா அந்த இரண்டு விதிகளை வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் புதிது புதிதாக வேதாளக் கதைகளை வெளியிட்டது. பிணத்தைச் சுமந்து செல்லும் அரசனை ஓவியர் சங்கர் வரைந்த படத்தைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். நான் அதைப் பார்த்ததில்லை. அம்மா வாசிக்கக் கேட்டதோடு சரி. எனக்கு அந்த விதிகளே போதுமாக இருந்தன. அரசன் வாய் திறக்கப்போகும் இடத்தில் அம்மா வேண்டுமென்றே நிறுத்துவாள். சொல்லிவிடாதே, சொல்லாமலும் இருந்துவிடாதே என்று வயிறு பிசையும்.

ஏழு கடல் ஏழு மலைக்கு அப்பால் கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த மந்திரவாதியும் அப்படியே. கிளியின் காலை ஒடித்தால் அவன் கால் ஒடியும், கழுத்தைத் திருகினால் அவன் செத்து விழுவான். கத்தியால் அவனை எத்தனை முறை குத்தினாலும் சாகமாட்டான். எந்தப் பாட்டியாவது, நேரமாகிவிட்டது என்பதற்காக அவனைக் கத்தியாலேயே கொன்றுவிட்டுத் தூங்கப்போயிருக்கிறாளா? பேரப்பிள்ளைகள் விட்டிருக்க மாட்டார்கள். 'கிளி எங்கே?' என்று கேட்டிருப்பார்கள்.

காதால் கேட்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. புத்தகத்தில் நாலு பக்கம் பின்னால் புரட்டிச் சரிபார்க்கலாம். ஒலியில் அது எளிதில்லை. இதனாலேயே கேட்பவர்கள் பலவற்றை மறந்துவிடுவார்கள் என்று நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள் போலிருக்கிறது. நான் அறிந்த வரையில் நடப்பது வேறு. திரும்பிப் பார்க்க முடியாது என்பதால்தான் கேட்பவர்கள் ஒவ்வொன்றையும் கெட்டியாகப் பிடித்துவைத்துக்கொள்கிறார்கள். நாயின் பெயர் போயிற்று, தாலாட்டு போயிற்று, இனி என்ன போகுமோ என்று அண்ணன் மகள் மனத்துக்குள் ஒரு பட்டியலே வைத்திருந்தாள். அப்படிப்பட்ட பட்டியல் ஒன்று உங்கள் அலுவலகத்தில் யாரிடமும் இல்லை.

நம்மிடம் கதை கேட்கும் முறை என்று ஒன்று உண்டு. கேட்பவர் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை சொல்பவர் நிறுத்திவிடுவார். தூங்கிவிட்டாயா என்று கேட்பார். வில்லுப்பாட்டில் முதன்மைப் பாடகர் ஒரு வரி சொன்னதும் பக்கத்திலிருப்பவர் 'ஆமா' போடுவார். அந்த 'ஆமா' சில சமயம் வியக்கும், சில சமயம் சந்தேகப்படும், சில சமயம் கிண்டல் செய்யும். சொல்பவர் அதற்கேற்பத் தட்டிக்கொடுத்தும் விட்டுப்பிடித்தும் போவார். பதிவு செய்த குரலுக்கு இந்த வசதி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ம்' சொல்ல ஓர் இடைவெளியாவது விடலாம் அல்லவா? முதல் மூன்று பகுதிகளில் அந்த இடைவெளி இருந்தது. அங்கெல்லாம் அண்ணன் மகள் தானாகவே 'ம்' கொட்டினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான்காம் பகுதியிலிருந்து இடைவெளி என்பதே கிடையாது. மூச்சுவிடும் இடமெல்லாம் இசை. அதுவும் எப்படிப்பட்ட இசை! வயலின்கள் கூட்டமாக அழுகின்றன, முரசு அதிர்கிறது, இடையிடையே எதற்கென்று தெரியாத மணியோசை. அந்தப் பெண் ஓர் இரகசியம் சொல்கிறாள். அது இரகசியமாகவே போய்விட்டது. எங்கள் இருவர் காதிலும் விழவில்லை. இணையத்துக்கான தரவிதிகளை வகுக்கும் வேர்ல்ட் வைட் வெப் கன்சார்டியம் 2008இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதலில், பேச்சுப் பதிவுகளின் பின்னணி ஓசை பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும் என்று ஒரு வரையறை இருக்கிறது. காது மந்தமானவர்களை மனத்தில் வைத்து எழுதிய உயர்நிலை விதி அது. ஓரிரு நொடி மட்டும் வந்துபோகும் ஓசைகளுக்கு அதில் விலக்கும் உண்டு. ஆகவே இடி இடிக்கட்டும், கதவு கிறீச்சிடட்டும், ஆட்சேபணை இல்லை. வயலின்களைத்தான் கொஞ்சம் அடுத்த அறைக்கு அனுப்பச் சொல்கிறேன்.

சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் அதற்கு மறு ஆண்டிலும் தொடங்கின. உங்களிடம் இருக்கும் ஒலிக்கருவிகளில் நூற்றில் ஒரு பங்குகூட அன்றைய வானொலிக்காரர்களிடம் இருந்திருக்காது. இரண்டு சிரட்டைகளைத் தட்டினால் குதிரை, தகரத் தகட்டை உலுக்கினால் இடி என்பதுதான் உலகெங்கும் வானொலி நாடகத்தின் பழைய வித்தை. குதிரை வந்து நின்றதும் சிரட்டையைக் கீழே வைத்துவிடுவார்கள், பேச்சுத் தொடரும். உங்கள் குதிரை கதாநாயகி பேசும்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

குரல் மாறியதையும் சொல்லவேண்டும். முதல் மூன்று பகுதிகளை வாசித்த பெண்மணி நான்காவதில் இல்லை. அவர் இடத்தில் இயந்திரக் குரல் வந்துவிட்டது. நீங்கள் அதை அறிவிக்கவில்லை, ஆனால் அன்றாடம் இயந்திரக் குரலோடு குடித்தனம் நடத்துபவனிடம் அதை மறைக்க முடியாது. எனக்கு அதன்மேல் பகை ஒன்றும் கிடையாது. அதனால்தான் என்னால் அரசாணை படிக்க முடிகிறது, வங்கிக் கணக்குப் பார்க்க முடிகிறது, வினாத்தாள் தயாரிக்க முடிகிறது. அவற்றை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பேன். சொல் புரிந்தால் போதும். கதைக்கு அது போதாது. 'கிசுகிசுத்தாள்' என்பதையும் 'கத்தினாள்' என்பதையும் ஒரே தொண்டையில் வாசித்தால் கதை எங்கே இருக்கிறது? தமிழ் எழுத்தில் ஒரே 'ப' மூன்று நான்கு விதமாக ஒலிக்கும், வாசிப்பவருக்குத்தான் எது எங்கே என்று தெரியவேண்டும். உங்கள் குரல், கடலடியில் வரும் பூதத்தை மல்லிகைப்பூவில் வரும் 'பூ'வைப் போட்டு அழைத்தது. அண்ணன் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ஏழு பகுதிகளிலும் அவள் சிரித்த ஒரே இடம் அதுதான், அது நீங்கள் பயமுறுத்த நினைத்த இடம்.

பயமுறுத்த நினைத்தீர்களா என்பதும் சந்தேகம்தான். பூதம் வருவதற்கு முன்பு வேறொரு குரல் குறுக்கிட்டு, "பயப்படாதீர்கள் குட்டீஸ், பூதம் மிகவும் நல்லவர்" என்று சொல்லிவிட்டுப் போகிறது. பிறகு பார்த்தால் பூதத்துக்கு நண்பர்கள் இல்லாததுதான் பிரச்சினையாம். இப்போதெல்லாம் சிறுவர் கதைகளில் அரக்கர்கள் யாரும் கெட்டவர்களாக இருப்பதில்லை. எல்லாருக்கும் தனிமைதான் நோய், ஒருமுறை கட்டிப்பிடித்தால் தீர்ந்துவிடும். தந்தையைக் கடலுக்கடியில் ஆண்டுக்கணக்கில் சிறைவைத்தவனுக்கு ஒரு கண்டனம்கூட இல்லையே என்று வரலாற்று ஆசிரியனாகிய எனக்கே மனம் ஆறவில்லை. இருட்டில், பக்கத்தில் பெரியவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு பயப்படுவது குழந்தைகளுக்குப் பிடித்த விளையாட்டு. அதற்காகத்தான் பேய்க்கதை சொல்லச் சொல்லி நச்சரிக்கிறார்கள். பாதிச் சோறு ஊட்டியபிறகு 'பூச்சாண்டி வருகிறான்' என்று சொல்லாத தாயார் இந்த நாட்டில் எத்தனை பேர்?

ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் "இந்தக் கதையிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன?" என்ற கேள்வியும், அதற்கு விடையும். குழந்தைக்கு யோசிக்க நேரம் கொடுத்திருந்தாலாவது பரவாயில்லை. கேள்விக்கும் விடைக்கும் நடுவில் ஒரு சத்துமாவு விளம்பரம் வருகிறது, கதையைவிட இரண்டு மடங்கு சத்தமாக. விளம்பரம் வேண்டாம் என்றால் கூடுதல் சந்தா. வணிகம் நடக்கத்தான் வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. தூங்கவைக்கும் கதை என்று போட்டு விற்கிறீர்களே என்றுதான் கேட்கிறேன்.

இனி முக்கியமான ஒன்று. இந்தக் கதையை எழுதியவர் யார்? முதல் மூன்று பகுதிகளை வாசித்தவர் யார்? பத்துப் பகுதிகளில் எங்கும் அவர்கள் பெயர் இல்லை. தொடரைப் பற்றிய குறிப்பிலும் இல்லை. நிறுவனத்தின் பெயர் மட்டும் பகுதிக்கு இரண்டு முறை வருகிறது. முதல் மூன்றை எழுதியவரும் மீதியை எழுதியவரும் ஒருவரல்லர் என்று என் காது சொல்கிறது. வாக்கியங்களின் நடை மாறிவிட்டது, உப்பளத்தின் வாடை போய்விட்டது. பாத்தி, வரப்பு, உப்பு வாரும் பலகை என்று பேசிக்கொண்டிருந்த பெண் திடீரென்று பாடப்புத்தகம் மாதிரிப் பேசுகிறாள். உறுதியாகச் சொல்ல வழியில்லை, பெயர் இருந்தால்தானே? நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவில், தம் படைப்பு தம்முடையது என்று கோரும் உரிமையை எழுத்தாளருக்குத் தருகிறது. 2012இல் வந்த திருத்தம், தம் பங்களிப்பில் தம்மை அடையாளப்படுத்தக் கோரும் உரிமையை நிகழ்த்துவோருக்கும் கொடுத்தது. என்னைப் போன்றவர்கள் படிக்கக்கூடிய வடிவில் நூல்களை மாற்றித்தர அனுமதியளித்ததும் அதே திருத்தம்தான், அதனால் எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் ஒரு தனி மரியாதை. உங்கள் ஒப்பந்தங்களில் என்ன எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்களோ அறியேன். ஆனால் ஒரு குழந்தை தனக்குப் பிடித்த கதையை யார் எழுதினார்கள் என்று தெரிந்துகொண்டு அவருடைய இன்னொரு கதையைத் தேடிப்போகும் வழியை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். வாசகர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள். எங்கள் வீட்டில் அவள் கேட்ட அடுத்த கேள்வியே அதுதான்: "நாயின் பெயர் மறந்துபோகிற கதையை எழுதியவர் வேறு என்ன எழுதியிருக்கிறார்?"

இரண்டாம் பருவம் வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். சங்கு மறுபடி வருமாம். வரட்டும். அதற்கு முன்பு, நான்கு முதல் பத்து வரையுள்ள பகுதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, முதல் மூன்றையும் எழுதியவரிடமே கதையை ஒப்படையுங்கள். அவர் மனத்தில் வேறொரு முடிவு இருந்திருக்கும். மகள் தந்தையை அடையாளம் காணாமல் போயிருக்கலாம், அவர்தான் அவளுக்குத் தம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்திருக்கலாம். என்ன முடிவானாலும் சரி, சோகமாக முடிந்தாலும் சரி, தாங்கிக்கொள்வோம். வாசித்த பெண்மணியையும் திரும்ப அழையுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஊதியத்தை மிச்சப்படுத்தியதில் உங்களுக்குக் கிடைத்த இலாபத்தைவிட இழந்த நேயர்கள் அதிகமாக இருப்பார்கள் என்பது என் ஊகம். இரண்டு பேருடைய பெயரையும் தொடக்கத்தில் சொல்லுங்கள், அதற்கு ஐந்து நொடி ஆகும்.

பதிவு முடிந்தபின், வெளியிடும் முன், எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகள் சிலரை உட்காரவைத்து விளக்கணைத்துக் கேட்கவிடுங்கள். நடுவில் அவர்கள் கேட்கும் கேள்விகளை ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை. 'தாலாட்டு மறந்துபோயிற்றே' என்ற ஒரு கேள்வி அங்கேயே எழுந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதவேண்டி வந்திருக்காது.

கதைக்கு வெளியே இன்னும் ஒரு வேண்டுகோள். உங்கள் செயலியில் உள்ள பொத்தான்களுக்குப் பெயர் வைக்கவில்லை. இயக்கு, நிறுத்து, பின்னால் போ என்பதெல்லாம் பார்வையுள்ளவர்களுக்குப் படமாகத் தெரிகின்றன. என் திரைவாசிப்பானோ ஒவ்வொன்றையும் தொட்டதும் 'பட்டன், பட்டன், பட்டன்' என்கிறது. எது நிறுத்தும், எது சந்தாவைப் புதுப்பிக்கும் என்று தெரியாமல் தடவுகிறேன். ஒலிக்கதை விற்கும் இடத்தில் பார்வையற்றவர்களால் நுழைய முடியவில்லை என்பது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. உங்கள் நிரலாளர்களுக்கு இது அரைநாள் வேலை. இரண்டாம் பருவம் வரை அதற்குக் காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சந்தாதாரர் ஒருவர்
மதுரை